கைமாற்று

என் தொழில் என்னவென்று கேட்பவர்களுக்கு, கணினித் துறை என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவதுண்டு. விடாமல் துருவிக் கேட்பவர்களிடம் 'ட்ரைவர் வேலை' என்பேன். கிழக்கைச் சேர்ந்த மூத்த கவிஞர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எந்த ரூட்டுல தம்பி ஓடுறீங்க?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அவரைப் போன்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கணினியோடு இணைக்கப்படும் ஒவ்வொரு சாதனத்துக்கும், அதாவது கமெராவுக்கும் அச்சுப்பொறிக்கும் வலையமைப்பு அட்டைக்கும், அதனதன் பாஷை தெரிந்த ஒரு சிறு மென்பொருள் வேண்டும். அதுதான் ட்ரைவர். கணினியின் நடுவில் கேர்னல் என்ற பெரிய மென்பொருள் இருக்கிறது. பணிசெயல் முறைமையின் மையம் அது. நினைவகம் முழுவதும் அதன் பொறுப்பில் இருக்கிறது. பெரும்பாலான கணினிகளில் 4096 பைட்டுகள் கொண்ட பக்கங்களாக அதைப் பிரித்து, கேட்பவர்களுக்குக் கொடுத்து, திரும்ப வாங்கிக் கணக்கு வைக்கிறது. ட்ரைவர்களும் அதனிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கான விதிகளின் தொகுதியை இடைமுகம் என்கிறோம். இந்த விதிகளோடு மல்லுக்கட்டுவதிலேயே என் வேலைநாட்களில் பெரும்பகுதி கழிந்திருக்கிறது.

நான் வேலை செய்வது லினக்ஸ் கேர்னலில். லினஸ் டோர்வல்ட்ஸ் 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது தொடங்கியது அது. அங்கே ஒரு ட்ரைவர் நினைவகம் கேட்கும்போது, எவ்வளவு வேண்டும் என்பதோடு, எந்த நிலைமையில் நின்று கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 'ஜீ.எஃப்.பி. கேர்னல்' என்று கேட்டால், நான் காத்திருப்பேன் என்று பொருள். கேர்னல் வேறு பக்கங்களை வட்டுக்கு அனுப்பி, இடம் பண்ணிக் கொடுக்கலாம். 'ஜீ.எஃப்.பி. அட்டமிக்' என்று கேட்டால், சாதனம் மணியடித்து அழைத்த அவசரத்தில் நிற்கிறேன், இருந்தால் இப்போதே தா, இல்லாவிட்டால் இல்லை என்று சொல் என்று பொருள். கடன் கேட்பவர் தன் அவசரத்தையும் சேர்த்துச் சொன்னால் கொடுப்பவருக்கு எவ்வளவு இலகு என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு சொற்களில் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கமெரா எடுத்த படத்தை ஒவ்வொரு பைட்டாக வாங்கி நினைவகத்தில் வைக்கப் புரொசெசருக்கு நேரமில்லை. ஆகவே சாதனமே நேரடியாக நினைவகத்தில் எழுதிவிடுகிறது. இதற்கு டீ.எம்.ஏ. என்று பெயர். ஆனால் எல்லாச் சாதனங்களுக்கும் எல்லா இடமும் எட்டாது. பழைய ஐ.எஸ்.ஏ. அட்டைகளால் முதல் 16 மெகாபைட்டுக்கு அப்பால் போக முடியாது. 32 பிற் முகவரி கொண்டவை 4 கிகாபைட்டோடு நின்றுவிடும். சில கணினிகளில் இடையில் இன்னொரு வன்பொருள் இருந்து சாதனத்தின் முகவரியை வேறு முகவரியாக மாற்றிக்கொடுக்கும். எட்டாத இடமென்றால் எட்டும் இடத்தில் ஒரு பிரதி வைத்து, கேர்னலே இங்கும் அங்கும் நகலெடுக்கும். இவை எதையும் ட்ரைவர் அறிய வேண்டியதில்லை. 'இந்த நினைவகத்தை இந்தச் சாதனத்துக்குக் காட்ட வேண்டும்' என்று கேட்டால், அந்தச் சாதனத்துக்குப் பொருந்தும் முகவரி ஒன்று கிடைக்கும். கிடைக்காமலும் போகலாம், அதையும் ட்ரைவர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவோ வேறுபாடுகளை ஒரே கேள்விக்குள் மறைத்துவிட்ட நல்ல இடைமுகம் இது.

ஆனால் மறைக்க முடியாத ஒன்று மிஞ்சுகிறது. அது, இந்த நிமிடத்தில் பொருள் யார் கையில் என்ற கேள்வி.

புரொசெசர் தான் அடிக்கடி தொடும் தரவுகளின் பிரதியைப் பதுக்கு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் 64 பைட்டுகள் கொண்ட வரிசைகளாக வைக்கிறது. கமெரா பிரதான நினைவகத்தில் புதிய படத்தை எழுதிய பிறகும், புரொசெசர் தன்னிடமுள்ள பழைய பிரதியையே வாசிக்கக்கூடும். நம் மேசைக் கணினிகளில் வன்பொருளே இதைச் சரிசெய்துவிடும். சிறிய, மலிவான பல பலகைகளில் அந்த வசதி இல்லை. எனவே கேர்னலின் விதி இப்படிச் சொல்கிறது: சாதனத்திடம் ஒப்படைத்த நினைவகத்தைத் திரும்பப் பெறும்வரை புரொசெசர் தொடக்கூடாது. திரும்பப் பெற்றதை 'சிங்க்' என்ற அழைப்பால் அறிவிக்க வேண்டும். மீண்டும் கொடுப்பதையும் அவ்வாறே அறிவிக்க வேண்டும். டேவிட் மில்லர், ரிச்சர்ட் ஹெண்டர்சன், யாகுப் யெலினெக் ஆகியோர் எழுதிய வழிகாட்டி ஒன்று இதை விளக்குகிறது. ட்ரைவர் எழுதுபவர்கள் இன்றும் அதைத்தான் திறக்கிறார்கள்.

எங்கள் வீடுகளில் அமானிதம் என்றொரு சொல் புழங்குகிறது. பிறருடைய பொருளைக் கேட்கும்வரை தொடாமல் வைத்திருந்து அப்படியே ஒப்படைப்பது அது. இங்கே நடப்பது அதைவிடக் கைமாற்றுக்கு நெருக்கமானது. வாங்குபவர் பயன்படுத்தவே வாங்குகிறார். ஆனால் திரும்பி வரும்வரை கொடுத்தவர் அதைத் தன்னுடையதென்று எண்ணிச் செலவு செய்ய முடியாது.

இந்த விதியை மீறினால் என்ன நடக்கும் என்பதை மலையகத்தின் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கண்டேன். தூளிலிருந்து தண்டையும் நாரையும் பிரிக்கும் கலர் சோர்ட்டர் இயந்திரம் அங்கே இருந்தது. தேயிலை சரிந்து விழும்போது கமெரா பார்க்கும். தண்டென்று தெரிந்தால் அந்த இடத்தில் காற்றை ஊதித் தள்ளிவிடும். அந்த இயந்திரம் சில நாட்களாக நல்ல தூளையும் கழிவில் ஊதிக்கொண்டிருந்தது. கமெராவின் முன்னுள்ள கண்ணாடியைச் சரியாகத் துடைப்பதில்லை என்று, இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட தொழிலாளிமீது பழி விழுந்திருந்தது. "சார், மணிக்கு ஒரு தடவ தொடைக்கிறேன். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார் அவர். "நான் பாக்கிறேன் அண்ணே" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

படங்களைச் சேமித்துப் பெருப்பித்துப் பார்த்தபோது சிறு கோடுகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் சரியாக 64 புள்ளி நீளம் அல்லது அதன் மடங்கு. கறுப்பு வெள்ளைக் கமெராவில் ஒரு புள்ளிக்கு ஒரு பைட்டு. அழுக்குக்கு இவ்வளவு கணக்குத் தெரியாது. அந்தக் கோடுகளில் இருந்தவை முந்திய படத்தின் துண்டுகள். ஏற்கெனவே விழுந்துபோன தண்டைப் புதிதென்று எண்ணி, வெறும் தூளை இயந்திரம் ஊதியிருக்கிறது. கமெராவோடு வந்த ட்ரைவரைத் திறந்து பார்த்தேன். நான்கு படங்களுக்கான நினைவகத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை சாதனத்திடம் ஒப்படைத்திருந்தார்கள். அதன் பின் 'சிங்க்' என்ற அழைப்பு எங்கேயும் இல்லை. வன்பொருளே ஒத்திசைத்துக்கொள்ளும் பலகையில் சோதித்திருக்கிறார்கள். அங்கே இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது.

ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரிகள் சேர்த்திருந்தால் அன்றைய பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் நாளை இன்னொருவர் வந்து அந்த வரிகளை மறந்தால், மீண்டும் ஒரு தொழிலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். ஆகவே இடைமுகத்தையே மாற்றினேன். முன்பு, நான்கு இடங்களின் முகவரியும் யார் வேண்டுமானாலும் எப்போதும் தொடும்படி திறந்து கிடந்தன. புதிய ஏற்பாட்டில் இரண்டு வாசல்கள் மட்டும்: 'எடு', 'திருப்பிக்கொடு'. எடுத்தால்தான் முகவரி கிடைக்கும். 'சிங்க்' அழைப்பு அந்த வாசல்களுக்குள்ளேயே நடந்துவிடும். ஒவ்வோர் இடமும் யார் கையில் என்பதை ட்ரைவர் குறித்து வைக்கும். எடுக்காததைத் திருப்பிக் கொடுத்தாலோ இரண்டு தடவை கொடுத்தாலோ சத்தமிட்டு அறிவிக்கும்.

என்னோடு வேலை செய்தவர்கள் வேகத்தைப் பற்றிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு தடவையும் பதுக்கு நினைவகத்தைத் துப்புரவாக்க நேரம் செலவாகும். அந்த நினைவகத்தைப் பதுக்கவே வேண்டாம் என்று கேர்னலிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கும் வழியும் உண்டு. அப்போது கைமாற்றும் சடங்கு வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய பலகைகளில் புரொசெசரின் ஒவ்வொரு வாசிப்பும் பிரதான நினைவகம்வரை போய்வர வேண்டும். படம் முழுவதையும் அலசும் வேலைக்கு அது கட்டுப்படியாகாது. அளந்து பார்த்துவிட்டுக் கைமாற்றையே தெரிவுசெய்தோம். கோடுகள் மறைந்தன. கண்ணாடியில் பிழை இருக்கவில்லை என்று தொழிற்சாலை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்கும்படி கேட்டு, அதையும் கொடுக்க வைத்தேன்.

இது ஒரு சிறு ட்ரைவரின் கதை. கேர்னலே இதேபோன்ற ஒரு குழப்பத்தில் வருடக்கணக்காகத் தவித்திருக்கிறது. ஒரு மென்பொருள் பயன்படுத்தும் பக்கங்களைச் சாதனம் நேரடியாகத் தொடும்படி பிடித்து வைக்க, 'கெட் யூசர் பேஜஸ்' என்றோர் அழைப்பு உண்டு. அந்தப் பக்கம் ஒரு கோப்பின் பகுதியாக இருக்கலாம். கேர்னல் அதை வட்டில் எழுதிவிட்டு, இனி இதில் மாற்றமில்லை என்று நம்பும். சாதனமோ அதே பக்கத்தில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். கோப்பு முறைமை எதிர்பாராத நிலைக்குத் தள்ளப்பட்டு நிலைகுலையும், தரவும் கெடலாம். பக்கத்தை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை கேர்னலிடம் இருந்தது. என்ன நோக்கத்துக்காகப் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

2020 மார்ச்சில் வெளியான 5.6ஆம் பதிப்பில் 'பின் யூசர் பேஜஸ்' என்ற புதிய அழைப்பு வந்தது. என்விடியா நிறுவனத்தின் ஜோன் ஹபர்ட் முன்னின்று செய்த வேலை அது. பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தொடப் போகிறவர்கள் இந்த வாசலால் வந்து, இதற்கென்றே உள்ள வாசலால் வெளியேற வேண்டும். இதைக் குறித்து வைக்க இடம் தேடிய விதம் எனக்குப் பிடித்தமானது. ஒவ்வொரு பக்கத்தின் விபரத்துக்கும் கேர்னல் வழமையாக 64 பைட்டு ஒதுக்குகிறது. 16 கிகாபைட்டு நினைவகமுள்ள கணினியில் இந்தக் கணக்குப் புத்தகமே 256 மெகாபைட்டைத் தின்றுவிடும். அதில் இன்னொரு நிரல் சேர்க்க யாருக்கும் மனம் வராது. ஆகவே பழைய எண்ணிக்கையையே பயன்படுத்தினார்கள். சாதாரணமாகப் பிடித்தால் ஒன்று கூடும், இந்த நோக்கத்தோடு பிடித்தால் 1024 கூடும். எண் பெரிதாக இருந்தால் சாதனம் ஒன்று கைவைத்திருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். சில வேளை ஊகம் பொய்க்கலாம். ஆனால் அது பொய்ப்பது எச்சரிக்கையின் பக்கமே. நிறையப் பேர் சாதாரணமாகப் பிடித்திருப்பதைச் சாதனம் என்று எண்ணுமே தவிர, சாதனம் பிடித்திருப்பதைக் காணாமல் விடாது.

இந்த மாற்றத்தைச் செய்ய முடிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாதாரண மென்பொருள்களுக்குக் காட்டும் முகத்தை மாற்றமாட்டோம் என்று லினக்ஸ் உறுதி தருகிறது. உள்ளேயிருக்கும் ட்ரைவர்களுக்கு அந்த உறுதி கிடையாது. இடைமுகத்தை மாற்றுபவர் அதைப் பயன்படுத்தும் ட்ரைவர்களையும் தேடித் திருத்த வேண்டும் என்பது வழக்கம். 2025இன் தொடக்கத்தில் எழுந்த சர்ச்சையின் அடியிலும் இதுவே இருந்தது. ரஸ்ட் மொழியில் எழுதும் ட்ரைவர்கள் டீ.எம்.ஏ. நினைவகம் கேட்பதற்கான இணைப்பைச் சேர்க்க முயன்றபோது, அப்பகுதியைப் பராமரித்துவந்த கிறிஸ்டோஃப் ஹெல்விக் கடுமையாக எதிர்த்தார். இரண்டு மொழிகள் கலந்தால் பராமரிப்புச் சுமை கூடும் என்பது அவர் வாதம். ரஸ்ட்டைக் கையாளும்படி எவரையும் வற்புறுத்த முடியாது, ஆனால் தன் இடைமுகத்தை வேறோரிடத்தில் பயன்படுத்துவதை ஒரு பராமரிப்பாளர் தடுக்கவும் முடியாது என்ற நிலைப்பாட்டை டோர்வல்ட்ஸ் எடுத்தார். அந்த ஆண்டிலேயே இணைப்புச் சேர்க்கப்பட்டது.

ரஸ்ட் மொழியில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிமையாளர் யார் என்பதைத் தொகுப்பியே கண்காணிக்கிறது. கொடுத்ததைத் தொட்டால், மென்பொருள் ஓடத் தொடங்குமுன்பே மறுத்துவிடும். வழிகாட்டியில் எழுதி வைத்ததை மொழியே காவல் காக்கிறது. ஆனாலும் மறுமுனையில் இருப்பது ஒரு வன்பொருள். அது எப்போது எழுதும் என்பதை எந்தத் தொகுப்பியாலும் பார்க்க முடியாது. அந்த எல்லையில் ஒரு மனிதர் நின்று, இந்த இடம் இப்போது உன்னுடையது, இப்போது என்னுடையது என்று யோசித்து எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

யாரும் எழுதி வைக்காத விதியின் விலையை, அதை எழுதாமல் விட்டவர் கொடுப்பதில்லை. இடைமுகத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாத ஒருவர், எங்கேயோ ஒரு தொழிற்சாலையில், தன் கையில் துணியோடு நின்று அதைக் கொடுக்கிறார். கவிஞர் நானாவின் கேள்விக்கு என்னிடமுள்ள பதில் இதுதான்: பொருள் கைமாறும் இடத்தில் நின்று, யார் கொடுத்தார், யார் வாங்கினார், எப்போது திருப்பித் தருவார் என்று எழுதி வைக்கிறேன்.