நாணம் மறைத்த நோவு

தலைவலியையும் மூட்டுவலியையும் நாம் ஊரறியச் சொல்லுகிறோம். மார்பில் எழும் நோவை மட்டும் பெற்ற தாயிடம் கூறவும் நாணுகிறோம். அந்த நோவு சூல்கொண்ட நாள்களில் வருமானால், மறைப்பதால் வரும் கேடு ஓர் உயிரோடு நிற்பதில்லை.

நம் இல்லத்து மருமகளுக்கு அது தலைச்சூல், மூன்றாம் மாதம். இடப்புற மார்பு சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. கருவுற்ற தொடக்கத்தில் மார்பு பருத்து நோவது இயல்பென்று கேட்டிருந்தமையால், பத்து நாள்கள் அவள் வாய் திறக்கவில்லை. குளிர்காய்ச்சல் கண்ட பின்னரே சொன்னாள். பெரியவர்கள் பால்கட்டு என்று மஞ்சள் பற்றிடச் சொன்னார்கள். முதலில் நாம் அழைத்துச் சென்ற மருத்துவமனையிலோ, தொட்டும் பாராமல், பிள்ளை பிறந்தால் சரியாகும் என்று அனுப்பிவிட்டனர்.

சூல்கொண்டபோது நேரும் இயல்பான மாற்றம் பெரும்பாலும் இரு மார்பிலும் ஒருசேரத் தோன்றும். ஒரு பக்கம் மட்டும் சிவந்து, சூடேறி, காய்ச்சலும் சேர்ந்தால், அது கிருமித் தொற்றாக இருக்கக்கூடும். நாள் கடந்தால் உள்ளே சீழ் கோத்துக் கட்டியாகும். பாலூட்டும் நாள்களிலேயே மிகுதியாகக் காணும் இந்நோய், கருவுற்றிருக்கையில் அரிதாகவே வருகிறது. அரிதாய் இருப்பதாலேயே எவரும் அதை நினைப்பதில்லை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ஸ்கேன் எடுத்தார். ஒலியலையால் எடுக்கும் அந்தப் படத்தால் கருவுக்குத் தீங்கில்லை என்று விளக்கினார். பின்னர் ஊசியால் சீழை உறிஞ்சி எடுத்தார். சில நாள்கள் கழித்து மீண்டும் ஒருமுறை எடுத்தார். காசநோயும் மார்பில் இவ்வாறு தோன்றக்கூடும் என்பதால் சீழைச் சோதனைக்கு அனுப்பினார். மருந்துக்கு அடங்காத சிவப்போ கரையாத கட்டியோ எஞ்சினால், சதையெடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும், புற்றுநோயும் சில வேளைகளில் இதே முகமூடியோடு வரும் என்றும் எச்சரித்தார்.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஏதேனும் ஆகுமோ என்று அவள் அழுதாள். அவளுக்கு விடை கூற நமக்கும் துணிவில்லை. மருத்துவரே சொன்னார்: டெட்ராசைக்ளின் போன்றவற்றைச் சூலுற்றோர்க்குத் தவிர்ப்பார்கள், பெனிசிலின் குடும்பத்து மருந்துகளோ நெடுங்காலமாக அவர்களுக்குக் கொடுக்கப்பட்டு வருகின்றன, கவனியாது விட்ட தொற்றே தாய்க்கும் கருவுக்கும் பெருங்கேடு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விழுங்கினாள். மூன்று வாரங்களில் கட்டி வற்றியது. உரிய நாளில் பிறந்த பெண்மகவு அந்த மார்பிலும் பால் குடித்தது.

1928ஆம் ஆண்டு இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் ஒரு தட்டில் பூஞ்சை படர்ந்ததையும், அதனருகே கிருமிகள் அழிந்திருந்ததையும் கண்டார். அக்கிருமி ஸ்டாஃபிலோகாக்கஸ். மார்பில் சீழ் கட்டச் செய்வதும் பெரும்பாலும் அவ்வினமே. தாய்மார் பலரை வாட்டிய கிருமியின் நடுவிலேயே இறைவன் மருந்தையும் காட்டினார் என்று எண்ணும்போது நம் நெஞ்சு நெகிழ்கிறது.

மார்பகத்தைப் பற்றிப் பேசத் திருச்சபை கூசியதில்லை. மார்பு அறுக்கப்பட்டதாக மரபு கூறும் கத்தானியா நகரத்து மறைசாட்சி புனித ஆகத்தாவை மார்பக நோயாளரின் பாதுகாவலியாகப் போற்றுகிறோம். பிப்ரவரி 5 அவரது திருநாள். 203ஆம் ஆண்டு கார்த்தேஜில் உயிர்நீத்த பெர்பெத்துவா கைக்குழந்தையின் தாய். குழந்தை பால்மறந்தபோது தம் மார்பு கனன்று நோகாதிருந்ததை, இறைவனின் திருவுளமென்று சிறைக்குறிப்பில் எழுதிவைத்தார். அவருடன் மறைசாட்சியான பெலிசித்தா, சிறைப்பட்டபோது நிறைசூலி. இம்மூவர் பெயரும் முதல் நற்கருணை மன்றாட்டில் இடம்பெற்றுள்ளன.

பீடத்தருகே சொல்லத் தகும் பெயர்களுக்குரியோர் பட்ட நோவை, அடுக்களையில் சொல்ல நாம் ஏன் நாண வேண்டும்? பங்கின் அன்னையர் கூட்டங்களில், முதற்சூல் கொண்ட பெண்களிடம் மசக்கையைப் பற்றிக் கேட்கும்போதே இதையும் கேட்போம். கேட்க ஒருவர் இருந்தால், சொல்லப் பத்து நாள்கள் ஆகா.