புள்ளிகள் இட்ட கித்தார்

இரவு விடுதிக்குள் ஒரு குருவானவருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டுதான் நானும் போனேன். 2019 ஜனவரி. சிகாகோ நகரப் பங்கு ஒன்றில், விடுப்பில் சென்றிருந்த அருள்பணியாளருக்குப் பதிலாகச் சில வாரங்கள் பணிபுரிந்துகொண்டிருந்தேன். "வயதான கலைஞர், ஃபாதர். இன்னும் எத்தனை ஆண்டு வாசிப்பாரோ, வாருங்கள்" என்று பங்கைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அழைத்தார். குருக்களுக்குரிய கழுத்துப்பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கனத்த குளிர்ச்சட்டைக்குள் ஒளிந்துகொண்டு அவருடன் சென்றேன்.

தென் வாபாஷ் சாலையிலுள்ள அந்த விடுதிக்கு 'லெஜண்ட்ஸ்' என்று பெயர். அதை 1989-இல் தொடங்கியவர் பட்டி கய். மற்ற நாள்களில் பிறர் பாட, ஜனவரியில் அவரே மேடையேறுவது அவ்விடத்து வழக்கம். 1936-இல் லூசியானா மாநிலத்தில், பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் பருத்தி எடுத்தவர். சன்னல் வலையின் கம்பியை உருவி நரம்பாகக் கட்டி வாசித்துப் பழகியவர். 1957 செப்டம்பரில் இரயிலேறிச் சிகாகோவுக்கு வந்தார். பசியால் வாடிய அந்நாள்களில் ஓர் இரவு, மூத்த கலைஞர் மட்டி வாட்டர்ஸ் ரொட்டியும் இறைச்சியும் தந்து உண்ணச் செய்ததை அவரே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

புளூஸ் என்னும் இசை அடிமைத்தனத்தின் வடு ஆறாத தென்மாநில வயல்களில் பிறந்தது. வேலை தேடி வடக்கே வந்த மக்களோடு அதுவும் வந்து, நகரத்தின் இரைச்சலை மீறி ஒலிப்பதற்காக மின்கித்தாரைக் கையிலெடுத்தது. துயரத்துக்கு விளக்கம் சொல்லாமல், ஆறுதலும் அவசரமாகக் கூறாமல், "இப்படித்தான் இருக்கிறது" என்று மட்டும் பாடும் இசை அது.

எண்பத்திரண்டு வயதுக் கலைஞர் மேடைக்கு வந்தார். தோளில் தொங்கிய கறுப்புக் கித்தாரில் வெள்ளைப் புள்ளிகள். எடுத்த எடுப்பில் அரங்கு அதிர வாசித்தார். இடையிடையே, குருவானவர் எழுத்தில் வைக்கமுடியாத வேடிக்கைப் பேச்சுகளும் பேசினார். பின்பு திடீரென்று ஒலியைக் குறைத்தார், குறைத்துக்கொண்டே போனார். கண்ணாடிக் குவளைகளில் பனிக்கட்டி அசையும் ஓசை கேட்டது. அத்தனை பேரும் மூச்சடக்கி ஒற்றை நரம்பின் அதிர்வுக்காகக் காத்திருந்தோம். மறையுரையில் குரலை உயர்த்தினால்தான் மக்கள் கேட்பார்கள் என்று முப்பதாண்டுகளாக நம்பி வந்தவன் நான். பிறகு அவர் வாசித்தபடியே கீழிறங்கி, மேசைகளுக்கு நடுவே நடந்து, என்னை உரசிக்கொண்டு போனார்.

"அந்தப் புள்ளிகள் எதற்கு?" என்று திரும்பும் வழியில் கேட்டேன். நண்பர் சொன்னார்: கலைஞரின் தாய் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்தார். ஊரைவிட்டுக் கிளம்பும் மகன், தாயின் கவலையைத் தணிக்க, "பெரும் பொருள் ஈட்டி, புள்ளிகள் இட்ட கேடிலாக் காரில் உன்னைப் பார்க்க வருவேன்" என்றாராம். நடக்காது என்று தெரிந்தே சொன்ன பொய். அந்தக் கார் வரவேயில்லை; தாயும் காலமானார். அந்தப் பொய்யின் நினைவாகவே கித்தாரில் புள்ளிகள்.

கார் சன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை.

என் தாயும் பக்கவாதத்தில்தான் படுத்திருந்தார். "அடுத்த மாதம் பத்து நாள் உன்னோடு இருப்பேன், அம்மா" என்று மாதந்தோறும் சொன்னேன். திருவிழா, கட்டட வேலை, கூட்டங்கள் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் இருந்தது. பத்து நாளும் வரவில்லை. அடக்கத் திருப்பலியில் தாயின் தியாகத்தைப் பற்றி நன்றாகவே மறையுரை ஆற்றினேன், பலர் பாராட்டினார்கள். அந்தப் பத்து நாளைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை. அவரோ தம் பொய்யை எல்லாரும் காணும்படி தோளில் மாட்டிக்கொண்டு முதுமை வரை வாசிக்கிறார். மறைத்து வைத்த எனதோ எந்த இசையாகவும் மாறவில்லை.

ஊர் திரும்பியபின் வந்த முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசென்றேன். படுக்கையில் இருக்கும் மூதாட்டி ஒருவர் வீட்டில் வழக்கமாக ஐந்து நிமிடங்களில் செபத்தை முடித்துக் கிளம்பிவிடுவேன். அன்று செபம் முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, கட்டிலருகே அமர்ந்தேன்.

"என்ன சாமி, இன்னைக்கு அவசரம் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை, அம்மா" என்றேன்.