வெள்ளைக் கோடு ஓடும் சுவர்

டாக்காவின் மாணிக் மியா அவென்யூவிலிருந்து பார்த்தால், அகன்ற செங்கல் மேடைக்கு அப்பால் ஏரி சூழ நிற்கிறது ஜாதியோ சங்சத் பவன், வங்கதேச நாடாளுமன்றம். நாடு பிறக்கும் முன்பே எழத் தொடங்கிவிட்ட கட்டடம் இது.

அப்போது பாகிஸ்தானின் பகுதியாக இருந்த டாக்காவை அதன் இரண்டாம் தலைநகராக்குவதென்று முடிவெடுத்தது அயூப் கான் அரசு. நாடாளுமன்றம் கட்டும் பணி உள்ளூர்க் கட்டடக் கலைஞர் முஸாருல் இஸ்லாமைத் தேடி வந்தது. அவரோ, உலக அளவில் பேர்பெற்ற ஒருவரை அழைக்கலாம் என்று ஒதுங்கிக்கொண்டார், அரிய குணம். லெ கொர்பூசியேயும் ஆல்வார் ஆல்டோவும் அமையாமல் போக, 1962-இல் அமெரிக்கரான லூயி கானிடம் பொறுப்பு வந்தது. 1971 விடுதலைப் போரில் வேலை நின்றது. 1974-இல் லூயி கான் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்தார். 1982-இல் வேலை முடிந்தபோது அதில் கூடியது வேறொரு நாட்டின் அவை.

தூரத்தில் சாம்பல் கோட்டை. கிட்டே போனால் சுவர் முழுக்க வெள்ளைக் கோடுகள். ஒருநாளில் வார்க்க முடிந்த கான்கிரீட் ஐந்தடி உயரம். நேற்று வார்த்ததும் இன்று வார்த்ததும் சேரும் இடம் எப்போதும் உறுத்தும். வழக்கமாகப் பூசி மறைத்துவிடுவார்கள். கான் பூசவில்லை. ஒவ்வொரு ஐந்தடிக்கும் வெள்ளைப் பளிங்குப் பட்டை பதித்தார். தினக்கூலிக் கணக்கைச் சுவரிலேயே எழுதிவைத்தது போலிருக்கிறது. பட்டைகளுக்கிடையே சென்ட்ரிங் பலகைகளின் தடம் அப்படியே தெரிகிறது.

வட்டமும் முக்கோணமுமாகச் சுவரில் வெட்டிய பெரிய திறப்புகளை அலங்காரம் என்று நினைக்கத் தோன்றும். ஜன்னல்கள் அவற்றுக்குப் பின்னால் தள்ளி இருக்கின்றன. வெயிலும் மழைச் சாரலும் வெளிச்சுவரோடு நின்றுவிடும், வெளிச்சம் மட்டும் உள்ளே போகும்.

சுற்றிலும் 110 அடி உயரத்தில் எட்டுத் தொகுதிகள். நடுவே 155 அடி உயர எண்கோணத்தில் 354 பேர் அமரும் அவை. இரண்டுக்கும் இடையே கோயில் பிராகாரம் போல ஒரு நடைவழி, மேலிருந்து ஒளி இறங்கச் சுற்றி வருகிறது. அவைக்கு மேலே குடை விரித்தாற்போன்ற கூரை.

இவ்வளவு ஒழுங்கான வடிவத்தில் தெற்கு வாயில் மேலுள்ள தொழுகைக் கூடம் மட்டும் அச்சிலிருந்து சற்றே திரும்பியிருக்கிறது. கட்டடத்தின் அச்சு வடக்கு தெற்கு. கூடமோ மெக்காவைப் பார்க்க வேண்டும். அந்தக் கோணலையும் கான் மறைக்கவில்லை.