இடுகுறியும் காரணமும்

தமிழ் ஆசிரியைக்கும் கணினி வழங்கிக்கும் என்ன உறவு என்று கேட்கக்கூடியவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த உறவை நானாக விரும்பித் தேடிக்கொள்ளவில்லை. எங்கள் துறை அறையின் மூலையில், அகராதிகள் அடுக்கிய இரும்பு பீரோவுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் இடையே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. 2008 முதல் 2014 வரை முதுகலை மாணவர்களும் நானும் கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் அலைந்து பதிவுசெய்த தாலாட்டுகள், ஒப்பாரிகள், கும்மிகள், களையெடுப்புப் பாட்டுகள் எல்லாம் 612 ஒலிக்கோப்புகளாக அதற்குள் உறங்குகின்றன. எங்கள் கல்லூரியில் கணினி அறிவியல் படித்த மாணவர் ஒருவர் 2018இல் அதை அமைத்துக் கொடுத்தார். பகுதி ஒன்று தமிழில் என்னிடம் படித்தவர். இப்போது சென்னையில் இந்த வேலையையே பிழைப்பாகக் கொண்டிருக்கிறார். நான் வழங்கி என்பேன், அவர் சர்வர் என்பார். இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டதில்லை.

2024 ஜூலையில் ஒரு மாலை இடி விழுந்தது. கல்லூரியில் நான்கு மின்விசிறிகளும் எங்கள் வழங்கியின் தாய்ப்பலகையும் போயின. ஊரில் உள்ள பழுதுபார்க்கும் கடையில் மூன்று வாரம் கிடந்து, புதிய பலகையும் பழைய வன்தட்டுமாக ஒரு வெள்ளிக்கிழமை மாலை அது துறைக்குத் திரும்பியது. வன்தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அந்த வாரத்தின் தொடக்கத்தில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தது. விளாத்திகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"டீச்சர், பதினாலு வருசத்துக்கு முன்ன காலேஜ் பிள்ளைக வந்து எங்கம்மாவப் பாடச் சொல்லிப் புடிச்சிட்டுப் போனாங்களாம். அந்தப் பாட்டு உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாங்க."

அவருடைய தாயார் இறந்து ஓராண்டு ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை திதி. வீட்டில் இருப்பது ஒரே ஒரு புகைப்படம்தான், குரல் எதுவும் இல்லை. சனிக்கிழமை காலைப் பேருந்தில் வருவதாகச் சொன்னார். தாராளமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வழங்கியை இயக்கிய பிறகுதான் அந்தத் தாராளத்தின் விலை தெரிந்தது.

பெட்டி உயிர் பெற்றது. ஆனால் என் மேசைக் கணினியிலிருந்து அதை அடைய முடியவில்லை. பின்புறத்தில் வலைக்கம்பி செருகும் துளையின் பச்சை விளக்கும் எரியவில்லை. விளக்கு எரியாவிட்டால் கம்பியில்தான் பழுது என்பது எளிய மனித அறிவு. ஒரு மணி நேரம் கம்பி மாற்றினேன். வரலாற்றுத் துறையிலிருந்து ஒன்று, நூலகத்திலிருந்து ஒன்று, அலுவலக உதவியாளர் அண்ணன் எங்கிருந்தோ உருவிக்கொண்டு வந்த நீலக் கம்பி ஒன்று. எதற்கும் விளக்கு இரங்கவில்லை. பிறகுதான் சென்னைக்கு அழைத்தேன்.

முதலில் அவர் கேட்டது, கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டால் என்ன என்பதுதான். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். வன்தட்டில் அந்தக் கோப்புகளுக்குப் பெயர் கிடையாது, 1 முதல் 612 வரை எண்கள்தாம். எந்த எண் எந்த ஊர், எந்த வகை, யார் பாடியது என்பதெல்லாம் உலாவியின் வழியே திறக்கும் பட்டியலில்தான் உண்டு. அப்படி அமைத்தவர் அவரே. அச்சிட்டு ஒரு படி எடுத்து வைக்காதவள் நான்.

பழைய திரை ஒன்றையும் விசைப்பலகையையும் வழங்கியில் மாட்டச் சொன்னார். "ஐபி லிங்க்னு அடிங்கம்மா. என்ன வருதுன்னு வாசிங்க."

வாசித்தேன். இரண்டு இடைமுகங்கள் இருந்தன. ஒன்றின் பெயர் 'எல்ஓ'. அது கணினி தனக்குத் தானே பேசிக்கொள்வதற்கான வழி, 127.0.0.1 என்பது அதன் முகவரி. மற்றொன்று 'ஈஎன்பி3எஸ்0'. அதன் அருகே 'டவுன்' என்றிருந்தது. அடுத்து அமைப்புக் கோப்பைத் திறக்கச் சொன்னார். அதில் 192.168.10.20 என்ற எங்கள் வழங்கியின் முகவரி ஒழுங்காக இருந்தது. ஆனால் அந்த முகவரி 'ஈஎன்பி2எஸ்0' என்ற இடைமுகத்துக்கு உரியது என்று எழுதப்பட்டிருந்தது.

"மூணா, ரெண்டாம்மா? நல்லாப் பாருங்க."

நன்றாகப் பார்த்தேன். பெட்டிக்குள் இருந்தவர் மூன்று. கோப்பு தேடிக்கொண்டிருந்தவர் இரண்டு. இல்லாத ஒருவரின் பெயரைச் சொல்லி வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, பதில் இல்லை என்று கணினி திரும்பிப் போயிருக்கிறது. உள்ளே இருந்தவரோ, தன்னை யாரும் கூப்பிடாததால் எழுந்திருக்கவே இல்லை. சில வலையட்டைகளில், இடைமுகத்தை எழுப்பும்வரை விளக்கும் எரியாதாம். பழுதற்ற கம்பிகளை நான் ஒரு மணி நேரம் தண்டித்திருக்கிறேன்.

பெயர் எப்படி மாறியது என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் என்னை நன்னூல் வகுப்புக்கே கொண்டுபோய் விட்டது. முற்காலத்தில் லினக்ஸ் கணினிகளில் வலை இடைமுகங்களுக்கு 'ஈத்0', 'ஈத்1' என்று பெயர். கண்ணில் பட்ட வரிசையில் எண் கொடுப்பார்கள். இரண்டு அட்டைகள் உள்ள கணினியில், ஒரு நாள் இது முந்தும், மறுநாள் அது முந்தும், பெயர்கள் இடம் மாறிவிடும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2013இல் 'சிஸ்டம்-டி' என்ற மென்பொருள் புதிய முறையைக் கொண்டுவந்தது. எங்கள் வழங்கியில் உள்ள டெபியன், 2017இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து புதிய நிறுவல்களில் அதையே வழக்கமாக்கிக்கொண்டது. இந்த முறையில் பெயர் என்பது இருப்பிடத்தைச் சொல்வது. 'ஈஎன்' என்றால் ஈதர்நெட். 'பி3' என்றால் தாய்ப்பலகையின் மூன்றாம் எண் தடம். 'எஸ்0' என்றால் அதில் பூச்சியமாவது இடம். பழைய பலகையில் வலையட்டை இரண்டாம் தடத்தில் இருந்தது, புதிய பலகையில் மூன்றாம் தடத்தில் இருக்கிறது. வீடு மாறியது, பெயரும் மாறியது.

பழையது இடுகுறிப்பெயர், புதியது காரணப்பெயர் என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. "பரீட்சைல இது ரெண்டு மார்க் கேள்வி, அம்மா. நான் மாத்தி எழுதினேன்" என்றார்.

கோப்பில் இரண்டை மூன்றாக்கிச் சேமித்து, இடைமுகத்தை எழுப்பும் கட்டளையைத் தட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. அண்ணன் கைதட்டினார். மணி ஏழு.

மகிழ்ச்சி பத்து நிமிடம்தான். பட்டியல் பக்கம் பாதி திறந்து நின்றது, மறுபடி முயன்றால் திறக்கவே இல்லை, பிறகு ஒரு முறை முழுதாகத் திறந்தது. 'பிங்' செய்து பார்க்கச் சொன்னார். ஒரு கணினி மற்றொன்றைக் கூப்பிட்டு, பதில் வரும் நேரத்தை அளக்கும் சிறு கருவி அது. மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில், தம் வலையில் ஏற்பட்ட ஏதோ ஒரு கோளாற்றைக் கண்டுபிடிக்க ஒரே மாலையில் எழுதியது. நீர்மூழ்கிகளைத் தேடும் ஒலியலையின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. வழங்கியிலிருந்து பத்து முறை கூப்பிட்டால் ஆறு முறை பதில் வந்தது. முழுப்பழுதைவிட அரைப்பழுது கொடியது என்பதை அன்று அறிந்தேன். முழுப்பழுதில் தேடவாவது ஓர் இடம் இருக்கிறது.

அப்போது அவர் சொன்ன சோதனை, கேட்பதற்கு விளையாட்டுப் போலிருந்தது.

"வழங்கிலேருந்து கம்பிய உருவிடுங்க. உருவிட்டு, உங்க மேசைக் கம்ப்யூட்டர்லேருந்து அதே முகவரிய பிங் பண்ணுங்க."

வழங்கி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டது அதுவே முதல் முறை. கம்பியை உருவினேன். 192.168.10.20ஐக் கூப்பிட்டேன். பதில் வந்தது. துண்டிக்கப்பட்ட பெட்டி என் காலடியில் கிடக்க, அதன் முகவரியிலிருந்து எவரோ தவறாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அறையில் நானும் அண்ணனும் மட்டும். உண்மையில் எனக்கு உடல் சிலிர்த்தது.

ஒரே முகவரியில் இரண்டு பேர் குடியிருந்திருக்கிறார்கள். உள்ளூர் வலையில் ஒரு கணினி மற்றொன்றைத் தேடும்போது, 'இந்த முகவரி யாருடையது?' என்று எல்லோரிடமும் கேட்கும். உரியவர் தம் வன்பொருள் எண்ணைச் சொல்லிப் பதில் தருவார். 1982இல் வகுத்த விதி அது. பதில் சொன்னவர் உண்மையில் உரியவர்தானா என்று அது சந்தேகிப்பதில்லை. இருவர் பதில் சொன்னால் ஒரு நேரம் இவரிடமும் ஒரு நேரம் அவரிடமும் கடிதம் போகும். என் மேசைக் கணினி குறித்து வைத்திருந்த வன்பொருள் எண்ணை வாசிக்கச் சொன்னார். அதன் முதற்பாதி எந்த நிறுவனம் தயாரித்தது என்பதைக் காட்டும். அவர் தேடிப் பார்த்துவிட்டு, "இது பிரிண்டர் கம்பெனிம்மா" என்றார்.

தேர்வுப் பிரிவில் புதிதாக ஓர் அச்சுப்பொறி வைத்திருப்பது எனக்கு நினைவு வந்தது. அதைப் பொருத்தியவரிடம் பின்னர் கேட்டேன். ஏதாவது ஒரு முகவரி வேண்டியிருந்ததாம். இதைக் கூப்பிட்டுப் பார்த்தாராம், பதில் இல்லையாம், காலி என்று எடுத்துக்கொண்டாராம். அவர் மேல் குறை சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் பேசாதிருந்தவரின் இடம் காலி இடமாகத்தான் தோன்றும்.

தேர்வுப் பிரிவை இரவில் திறக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. அதனால் நாங்களே இடம் பெயர்ந்தோம். இம்முறை, 'பதில் வரவில்லை' என்பதை மட்டும் நம்பாமல், கல்லூரியின் எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்று அலுவலக அண்ணனும் நானும் அறை அறையாக நினைவுகூர்ந்து, எவருக்கும் கொடுக்காத 192.168.10.25ஐ எடுத்துக்கொண்டோம். எட்டரை மணிக்குப் பட்டியல் தடையின்றித் திறந்தது.

தேடு பெட்டியில் அந்தத் தாயாரின் பெயரைத் தட்டினேன். முடிவுகள் ஏதுமில்லை. எழுத்துப்பிழை இருக்கலாம் என்று நான்கு விதமாகத் தட்டினேன். ஏதுமில்லை. ஊர்ப் பெயரைத் தட்டினேன். ஒன்பது பதிவுகள் வந்தன. ஒன்பதிலும் 'பாடியவர்' என்ற கட்டத்தில் ஒரே வாசகம் இருந்தது: 'மூதாட்டி, விவசாயக் கூலி.' 2010 மே மாதப் பதிவுகள். அந்தக் களப்பணிக்குத் தலைமை தாங்கியவள் நான். படிவத்தைத் தயாரித்தவளும் நான்தான். பாடல் வகை, மெட்டு, சூழல், வட்டாரச் சொற்கள் என்று பதினெட்டுக் கட்டங்கள் வைத்திருந்தேன். பெயரைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லவில்லை.

வேறு யாரையும் குறை சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது. நாட்டார் பாடல் சமூகத்தின் படைப்பு, தனி ஆசிரியர் இல்லை என்று வகுப்பில் சொல்லிச் சொல்லியே, பாடிய வாய்க்கும் ஒரு பெயர் உண்டென்பதை மறந்திருக்கிறேன். குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர் தொலைந்துபோய், பாடலில் உள்ள தொடரால் செம்புலப்பெயனீரார் என்பதுபோல் அவர்களை அழைக்கிறோமே என்று ஆண்டுதோறும் மாணவர்களிடம் வருந்துபவள் நான். தொலைத்தவர்கள் யாரோ பழங்காலத்தார் என்றுதான் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தார். உடன் பள்ளிச் சீருடை வயதில் ஒரு பேத்தி. உண்மையைச் சொன்னேன்: உங்கள் அம்மாவின் பெயரை நாங்கள் எழுதி வைக்கவில்லை, ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஒவ்வொன்றாகக் கேட்போம். அவர் கோபப்படவில்லை. "எங்கள யாரு டீச்சர் பேரு கேக்கா" என்று இயல்பாகச் சொன்னார். அது கோபத்தைவிடக் கடினமாக இருந்தது.

முதல் மூன்றிலும் அவர் தலையசைத்துவிட்டார். நான்காவது பதிவில் பாட்டு தொடங்கவே இல்லை. ஓர் இருமல். பிறகு, "இதுல பாத்தா பேசணும்?" என்று பதிவுக்கருவியைக் குறித்து ஒரு குரல் கேட்டது. அந்தப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பேத்தி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பாட்டு ஏழு நிமிடம். கணவனை இழந்த அக்காளுக்காகத் தங்கை பாடும் ஒப்பாரி. முழுவதும் கேட்டோம். மறுபடி ஒரு முறை போடச் சொன்னார். பென் டிரைவில் பதிந்து கொடுத்தேன்.

போகும்முன் மற்ற ஐந்தையும் கேட்க முடியுமா என்று கேட்டார். எதற்கு என்றேன். "குரலு தெரியும்லா டீச்சர். யாரு யாருன்னு சொல்லிருதேன்" என்றார். அப்படியே செய்தார். முதலில் தலையசைத்த மூன்றையும் திரும்பக் கேட்டு, அவற்றுக்கும் சேர்த்து, ஒன்பதில் எட்டுப் பேரின் பெயரைச் சொன்னார். ஒருவரை மட்டும் வெளியூரிலிருந்து களையெடுக்க வந்தவர் என்றார். எட்டில் ஆறு பேர் இப்போது இல்லை. பெயர்களை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

திங்கட்கிழமை ஒரு நீள்வாட்டுக் குறிப்பேடு வாங்கி, எந்த எண் யாருக்கு உரியது என்று கல்லூரியின் முகவரிகளையெல்லாம் எழுதி அலுவலகத்தில் வைத்தேன். மாணவர் கேட்டுக்கொண்டது அது. பழைய களப்பணி மாணவர்களில் தொடர்பில் உள்ளவர்களுக்கும் கடிதம் எழுதினேன். 612 பதிவுகளில் பெயரில்லாதவை 143. இதை எழுதும் இன்று, 118.