பின்பனியில் குல்மார்க்

முதல்முறையாக ஸ்னோமொபைல் ஏறப்போன ஒரு தம்பதி, பனியையும் பனிக்காகக் காத்திருப்பவர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிய கதை.

“கீழே கால் வைக்காதீர்கள், மேடம்!” என்று ஓட்டுநர் கத்தியபோது நான் ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தேன். இடுப்பு வரை உள்ளே போய்விட்டது. எதிரே சாய்ந்து கிடந்த ஸ்னோமொபைலின் கைப்பிடியை இன்னமும் விடாமல் பிடித்தபடி என் கணவர் பனியில் மல்லாந்திருந்தார். அடிபட்டிருக்குமோ என்று பதறித்தான் குதித்தேன். “எனக்கு ஒண்ணும் ஆகலே. நீ ஏன் இறங்கினே?” என்றார். கல்யாணமாகி இருபது வருடம் கழித்து நாங்கள் கிளம்பிப்போன முதல் சாகசப் பயணம் அந்த நிமிடத்தில் இந்த லட்சணத்தில் இருந்தது.

இடம் குல்மார்க். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,650 மீட்டர். ஊட்டியைவிட நானூறு மீட்டர் உயரம். காலம், 2025 மார்ச் முதல் வாரம். கோடையில் பூவும் குதிரையுமாக இருக்கும் கிண்ணம் போன்ற புல்வெளி, குளிர்காலத்தில் ஒரே வெள்ளை. விளிம்பில் ஊசியிலைக் காடு. காட்டுக்கு மேலே அஃபர்வத் மலை.

நம்மில் பலருக்குக் காஷ்மீர் என்றால் சினிமாதான். ஸ்ரீதரின் ‘தேன்நிலவு’ 1961-ல் காஷ்மீருக்கே போய்ப் படமாக்கப்பட்டது. 1992-ல் வந்த ‘ரோஜா’வின் பனிமலைகள் மணாலியில் எடுக்கப்பட்டவை. காரணம் சொல்லத் தேவையில்லை. தேன்நிலவுக்குக் கன்னியாகுமரி வரைகூடப் போகாத தம்பதி நாங்கள். இருபதாம் ஆண்டிலாவது போவோம் என்று முடிவெடுத்ததில் அந்தப் பழைய படத்துக்கும் பங்கு உண்டு.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு மொழிபெயர்ப்பிலேயே காலம் தள்ளுகிறவள் நான். வெள்ளையர் எழுதிய கதைகளில் வானத்திலிருந்து கொட்டுவதையெல்லாம் ‘பனி’ என்றே எழுதி வந்திருக்கிறேன். மார்கழிக் காலையில் வாசல் கோலத்தை நனைப்பதும் பனிதான். ரயில் தாமதமாக வரக் காரணமாவதும் பனிதான். இலக்கணம் முன்பனி, பின்பனி என்று இரண்டு பெரும்பொழுது வகுத்திருக்கிறது. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. அதெல்லாம் நம் ஊர்ப் பனி. இன்னொரு பனியைக் கண்ணால் காணாமலேயே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது.

முதலில் பயணச்சீட்டு எடுத்தது பிப்ரவரி மத்திக்கு. அதற்கு ஒரு வாரம் முன்னால் ஓட்டுநருக்குப் போன் செய்தேன். தெரிந்த நண்பர் ஒருவர் மூலம் கிடைத்த தொடர்பு அவர். குளிர்காலத்தில் ஸ்னோமொபைல், கோடையில் டாக்சி. “வராதீர்கள். பணம் வீணாகும். இங்கே புல் தெரிகிறது” என்றார். வருகிற வாடிக்கையாளரை வராதே என்று சொல்லும் சுற்றுலாத் தொழிலாளியை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

அவர் சொன்னது பொய்யில்லை. பிப்ரவரி 22 முதல் 25 வரை குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளே பனி போதவில்லை என்று தள்ளிவைக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டும் அப்படித்தான். 2024 ஜனவரியில் பனியில்லாத குல்மார்க்கின் பழுப்பு நிறப் படங்கள் நாடு முழுவதும் பத்திரிகைகளில் வந்தன. 2025-ல் இன்னொன்றும் நடந்தது. முகலாயர் காலத்துத் தோட்டம் ஒன்று அனந்தநாக் மாவட்டத்தில் இருக்கிறது, அச்சபல் என்று பெயர். அந்தத் தோட்டத்துக்கு உயிரான ஊற்று பிப்ரவரியில் வற்றிப்போனது.

பிப்ரவரி கடைசி நாள்களில் போன் வந்தது. மறுமுனையில் அவர் சிரிப்பது கேட்டது. “ஷீன் ஆ கயா!” ஷீன் என்றால் காஷ்மீரியில் பனி. சீட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினோம்.

தங்மார்க் வரை சாதாரண கார். அங்கே நீண்ட கம்பளிக் கோட்டும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் வாடகைக்குத் தருகிறார்கள். யார் யாரோ போட்ட கோட்டு என்று முகம் சுளித்த என் கணவர், வெளியே ஒரு காற்று அடித்ததும் இரண்டு கோட்டாகக் கிடைக்குமா என்று கேட்டார். மேலே 13 கி.மீ. மலைப்பாதை, சக்கரத்தில் இரும்புச் சங்கிலி சுற்றிய வண்டிகள் மட்டுமே ஏறுகின்றன. விளையாட்டுகள் மார்ச் 9-ல் தொடங்க இருந்ததால் தோளில் ஸ்கீ பலகை சுமந்த இளைஞர்கள் வழியெல்லாம் தெரிந்தார்கள்.

ஸ்னோமொபைலை உள்ளூரில் ஸ்னோ பைக் என்கிறார்கள். பார்வைக்கு ஸ்கூட்டருக்கும் டிராக்டருக்கும் பிறந்தது போலிருக்கிறது. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு ஸ்கீ பலகைகள். பின்னால் ராணுவ டாங்கிக்கு இருப்பது போலச் சுழலும் அகலமான ரப்பர் பட்டை. கியர் கிடையாது. வலது கட்டைவிரலால் சிறு நெம்புகோலை அழுத்தினால் ஓடும். விட்டால் வேகம் அடங்கும். இடது கையில் பிரேக். கைப்பிடியைத் திருப்பினால் மட்டும் போதாது, திரும்பும் பக்கமாக உடம்பையும் சாய்க்க வேண்டும். அகலமான பட்டை எடையைப் பரப்பிவிடுவதால்தான் இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட எந்திரம் பனியின் மேல் போகிறது. அறுபது கிலோ மனுஷி ஒரு காலை ஊன்றினால் மொத்த எடையும் ஒரே இடத்தில் இறங்குகிறது. நான் புதைந்ததன் ரகசியம் இதுதான்.

இது உல்லாசத்துக்காகப் பிறந்த வண்டி அல்ல. கனடாவின் கியூபெக் மாகாணத்து மெக்கானிக் ஜோசப்-அர்மான் பாம்பார்டியர். 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்னஞ்சிறு மகனுக்கு உயிர்போகும் நிலை. சாலையெல்லாம் பனி மூடிக் கிடக்க, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்தது. பனிமேல் போகும் வண்டிக்காக முன்பிருந்தே முயன்றுகொண்டிருந்த அவர் அதன்பின் விடவில்லை. 1937-ல் பலர் உட்கார்ந்து போகும் பனிவண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வாரிசாக 1959-ல் வந்த ‘ஸ்கீ-டூ’ என்ற சிறிய வண்டிதான் ஸ்னோமொபைலை உலகெங்கும் பரப்பியது. இந்தக் கதையை முதல்நாள் இரவு சொன்னபோது, ஓட்டுநர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “எங்கள் மேல்கிராமங்களில் பிரசவ வலி வந்தால் இப்போதும் கட்டிலில் வைத்துத்தான் சுமந்து வருவார்கள்” என்றார்.

மறுநாள் காலை இரண்டு வண்டிகள் தயாராக நின்றன. ஒன்றில் ஓட்டுநருக்குப் பின்னால் நான். இன்னொன்றில் அவருடைய தம்பிக்குப் பின்னால் என் கணவர். கிளம்பியதும் முதலில் கவனித்தது அழகை அல்ல, நாற்றத்தை. எரிந்த எண்ணெய்ப் புகை. அடுத்தது இரைச்சல், கரும்பு ஆலைக்குள் உட்கார்ந்திருப்பது போல. பலரும் போய்ப் போய் இறுகிய தடத்தில் பனி சாம்பல் நிறமாகியிருந்தது. அழுக்கேறிய பனி வெயிலை அதிகம் உறிஞ்சுவதால் சீக்கிரம் உருகும். பனி குறைகிறதே என்று வருத்தப்பட்டுக்கொண்டு வந்த நாங்களும் அதன்மேல் புகையைத் தூவிக்கொண்டுதான் போனோம். இதைச் சொல்லாமல் விட்டால் பயணக்கட்டுரை பொய்யாகிவிடும்.

புல்வெளியைத் தாண்டிக் காட்டோரம் வந்ததும் கூட்டம் மறைந்தது. மரங்களின் கிளைகள் பாரம் தாங்காமல் தணிந்திருந்தன. எங்கோ ஒரு கிளை தன் சுமையை உதறியபோது வெள்ளைத் தூள் திரைபோல இறங்கியது. நரியுடையதோ என்னவோ, ஒற்றை வரிசைக் காலடித் தடம் ஒன்று மரங்களுக்கிடையே போய்க்கொண்டே இருந்தது. கூடாரத் துணிபோல விறைத்திருந்த கோட்டுக்குள் முதுகு நடுங்கினாலும் இறங்க மனம் வரவில்லை.

மேலே இன்னும் போகலாமா என்று என் கணவர் சரிவைக் காட்டினார். ஓட்டுநர் தலையசைத்து மறுத்தார். 2023 பிப்ரவரி 1-ந் தேதி அஃபர்வத் சரிவில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்து நாட்டினர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22-ல் ரஷ்யர் ஒருவர். “புதுப் பனி. அடியில் பழைய பனியோடு இன்னும் ஒட்டியிருக்காது” என்றார். அதற்குப் பதிலாக ஒரு சமவெளித் துண்டில் எங்களையே ஓட்டச் சொன்னார். நான் பத்து நிமிடம் ஓட்டினேன். ஐ.சி.யூ. வாசலில் நடப்பவள் போல மெதுவாக. என் கணவர் நாற்பது வயதை மறந்து கட்டைவிரலை அழுத்தினார். திருப்பத்தில் உடம்பை எதிர்ப்பக்கம் சாய்த்தார். தடத்தைவிட்டு வெளியே போய்ச் சாய்ந்தார். பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன்.

என்னைத் தோளைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். எந்திரத்தை எடுக்க அரைமணி. கையாலும் பூட்ஸாலும் பனியைத் தோண்டி, பட்டைக்கு அடியில் மிதித்து இறுக்கி, நால்வருமாக உலுக்கி நிமிர்த்தினோம். மூச்சு வாங்கியது. இரண்டு என்ஜின்களும் அணைந்திருந்தன. அப்போதுதான் அந்தக் காட்டின் அமைதி காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அமைதிக்குள்ளும் ஒரு சத்தம். சொட்டு... சொட்டு... சொட்டு. வீட்டில் சரியாக மூடாத குழாய் போல. ஒரு மரம் இல்லை, சுற்றிலும் எல்லா மரங்களிலிருந்தும்.

“அழகா இருக்குல்ல?” என்றேன் கணவரிடம். ஓட்டுநர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். “விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் போகிறது” என்றார்.

அவர் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். காஷ்மீரிகள் கடுங்குளிர்க் காலத்தை மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் ‘சில்லை கலான்’, பெரிய குளிர். அடுத்த இருபது நாள் ‘சில்லை குர்த்’, சிறியது. கடைசிப் பத்து நாள் ‘சில்லை பச்சா’, குட்டி. சில்லை கலானில் விழும் பனிதான் கெட்டியாக உறைந்து, மலையில் தங்கி, கோடை முழுக்கச் சிறுகச் சிறுக உருகி ஓடைகளுக்கும் ஜீலம் நதிக்கும் வயலுக்கும் ஆப்பிள் தோட்டத்துக்கும் போகும். தாமதமாக விழும் பனி பார்க்க அதே வெள்ளைதான். ஆனால் வெயில் ஏறிவிடுவதால் தங்காது. “டூரிஸ்ட்டுக்கு இந்தப் பனி போதும். எங்களுக்குப் போதாது.”

நான் இதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் என் கணவருக்குப் புரிந்துவிட்டது. கும்பகோணம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. இப்போது வங்கியில் வேலை. “மேட்டூரை ஜூன் 12-க்குத் திறக்காம ஆகஸ்ட்ல திறக்கற மாதிரி. தண்ணி என்னவோ அதே தண்ணிதான். குறுவை போயிடும்” என்றார். இதை உடைந்த இந்தியில் அவர் ஓட்டுநருக்குச் சொல்ல, நதி, அணை, நெல் என்று இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நனைந்த கையுறையைக் கழற்றி, ஃபெரன் அங்கிக்குள் வைத்திருந்த காங்ரி கணப்புச் சட்டியை ஓட்டுநரின் தம்பி என்னிடம் நீட்டினார். உப்புப் போட்ட நூன் சாய் பிளாஸ்கிலிருந்து வந்தது. முதல் வாய் கஷ்டம், இரண்டாவது வாய் பரவாயில்லை.

இருபது வருடமாக நான் எழுதிய ‘பனி பெய்தது’ என்ற வாக்கியத்தில் என்ன குறை என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. சொல்லில் குறையில்லை. முன்பனியா பின்பனியா என்று நம்மவர்கள் பிரித்துக் கேட்டார்களே, அந்தக் கேள்வியை நான் கேட்கவேயில்லை. எப்போது பெய்தது என்பதுதான் அங்கே விஷயம்.

ஊர் திரும்பினோம். ஏப்ரல் 22-ந் தேதி, பஹல்காமுக்கு மேலே பைசரன் புல்வெளியில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எங்களைப் போல ஜோடியாக வந்தவர்கள் அதில் பலர். ஓர் உள்ளூர்க் குதிரைக்காரரும் இறந்தார். செய்தியை மொழிபெயர்க்கும் வேலை எனக்கு வந்தது. பாதியில் நிறுத்திவிட்டு ஓட்டுநருக்குப் போன் செய்தேன். நாங்கள் வீடு திரும்பி ஒன்றரை மாதம் ஆகியிருந்தும், “பத்திரமாக இருக்கிறீர்களா?” என்று அவர்தான் முதலில் கேட்டார். அந்த வாரம் ஸ்ரீநகரிலிருந்து விமானம் விமானமாகப் பயணிகள் வெளியேறினார்கள். காஷ்மீரின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. கோடைக்கு முன்பதிவு செய்திருந்த எல்லோரும் ரத்து செய்துவிட்டதாகச் சொன்னார். டாக்சியை மூடிவைத்துவிட்டு மைத்துனரின் ஆப்பிள் தோட்டத்தில் மருந்தடிக்கப் போய்க்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர் எப்படி என்று கேட்டேன். குறைவுதான் என்றார்.

போனை வைப்பதற்கு முன் என் கணவர் வாங்கிப் பேசினார். “எப்ப வரணும்னு சொல்லுங்க, வர்றோம்” என்றார். “இந்தத் தடவை சில்லை கலானில் வாருங்கள். சாய்ந்து விழுந்தாலும் அடிபடாத பனி அதுதான்” என்று பதில் வந்தது.

எங்கள் வீட்டுக் காலண்டரில் ஆண்டுதோறும் ஜூன் 12-ஐ வட்டமிடுவது அவருடைய வழக்கம். அந்த ஆண்டு டிசம்பர் 21-க்கும் ஒரு வட்டம் விழுந்தது.