குட்டித் தவளைக்கு அரை வயிறு சாப்பாடு!

ஊட்டிக்குப் போனால் நாம் என்ன செய்வோம்? படகுத் துறையில் க்யூ. சேரிங் கிராஸில் வர்க்கி. மாமியாருக்கு ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலம், ஆபீஸுக்குக் கால் கிலோ சாக்லேட். அப்புறம் தாவரவியல் பூங்காவில் பூத்தொட்டிகளுக்கு முன்னால் ஈயென்று பல்லைக் காட்டி ஒரு போட்டோ. "பின்னாடி இருக்கே, அது என்ன பூ?" என்று மனைவி கேட்டால், "ரோஜா மாதிரி ஏதோ ஒண்ணு" என்போம்.

அந்த 'ஏதோ ஒண்ணு' பெரும்பாலும் ரனன்குலஸாக இருக்கும். டிஷ்யூ பேப்பரை அடுக்கடுக்காக மடித்து வைத்தது போல இதழ்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, வெள்ளை என்று கண்ணைப் பறிக்கும். லத்தீன் மொழியில் இந்தப் பெயருக்கு அர்த்தம் 'குட்டித் தவளை'! இந்த வகைச் செடிகள் பலவும் தண்ணீர்க் கரையோரம் வளர்வதால் அப்படிக் கூப்பிட்டார்களாம். பெயர் வைத்த புண்ணியவானுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

பூர்வீகம் துருக்கி, பாரசீகப் பக்கம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் ஊரில், கடலைப் பார்த்த மலைச்சரிவில் ஐம்பது ஏக்கருக்கு இதையே பயிர் செய்கிறார்கள். மார்ச்சிலிருந்து மே முதல் பாதிவரை ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிறார்கள். நமக்கு விசாவும் வேண்டாம், அவ்வளவு தூரமும் வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் போதும்.

போன ஏப்ரலில் ஏறினேன். ஊட்டிக்கு முன்னாலேயே கேத்திப் பக்கம் இறங்கி, கேரட் வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன நர்சரிக்குப் போனேன். ஓனருக்கு ஐம்பது வயதிருக்கும். மப்ளர், ஸ்வெட்டர், முழங்கால்வரை மண். இருநூறு தொட்டி ரனன்குலஸ் வைத்திருந்தார்.

"ஜூன்ல பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும் சார்" என்றார். தொட்டிகளைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "இதான் ஃபீஸ்."

பி.காம். படித்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? மே மாதம் மலர்க் கண்காட்சி. டூரிஸ்ட் கூட்டம் அந்தச் சில வாரங்கள்தான் பர்ஸைத் திறக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் பூவும் போச்சு, வாங்குகிற ஆளும் போச்சு. கிழங்கை நட்டால் பூக்க ஏறத்தாழ மூன்று மாதம். ஜனவரியில் உறைபனி. ஆக, பிப்ரவரியில் முதல் போட்டு மே மாதத்தில் எடுத்தாக வேண்டும். ஒரு வாரம் பிந்தினாலும் நஷ்டக் கணக்கு.

"அப்ப நல்லா உரம் போட்டுத் தள்ளிட வேண்டியதுதானேண்ணே?" என்றேன்.

மனிதர் சிரித்துவிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். பக்கத்து நர்சரித் தொட்டிகள். அடேங்கப்பா, என்ன பச்சை, என்ன தளதளப்பு! ஆனால் மொட்டு? தேடினாலும் கிடைக்கவில்லை.

"யூரியா சார். அவரு மே மாசம் கீரை விக்கப் போறாரு."

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன். அது இலையைத்தான் வளர்க்கும். தண்டு நீளமாய், சோப்ளாங்கியாய்ச் சாயும். பூ தள்ளிப் போகும். வேரையும் மொட்டையும் கவனிக்க மணிச்சத்து, சாம்பல்சத்து இரண்டும் வேண்டும். நைட்ரஜன் கொஞ்சமாக இருந்தால் போதும்.

அவருடைய முறை இது: கிழங்கு பார்க்கக் காய்ந்துபோன குட்டி வாழைத்தாறு மாதிரி இருக்கும். விரல்கள் கீழே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில் நட வேண்டும். அதற்கு முன்பே மக்கிய தொழு உரமும் கொஞ்சம் எலும்புத்தூளும் மண்ணில் கலந்துவிடுகிறார். ஏன் முன்பே? மணிச்சத்து மண்ணில் நகராது. மேலே தூவினால் மேலேயே உட்கார்ந்திருக்கும், சில ஆபீஸ் சூப்பிரண்டுகள் மாதிரி! வேர் இருக்கிற இடத்தில் அது முன்கூட்டியே இருக்க வேண்டும். எலும்புத்தூள் கரைவதற்குக் கொஞ்சம் புளித்த மண் தேவை. நீலகிரி மண்ணுக்கு அந்தக் குணம் பிறவியிலேயே உண்டு.

நர்சரிக்குப் பின்புறம் பாத்தியிலும் இதே பூ. அதற்கு அடியுரம் போட்டதோடு சரி, மொட்டு வைக்கும்போது இன்னொரு கை. அவ்வளவுதான். தொட்டி அப்படியில்லை. அது ஓட்டைப் பாக்கெட். தண்ணீர் ஊற்ற ஊற்ற, சத்து கரைந்து அடித்துவாரம் வழியாக வெளியே போய்விடும். அதனால் இலை விட்ட நாளிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கரைகிற உரத்தைத் தண்ணீரில் கலக்கி ஊற்றுகிறார். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதிதான்.

"ஏன் பாதி? கஞ்சத்தனமா?"

"இல்லீங்க சார். கொஞ்ச மண்ணுதானே? உப்பு சேர்ந்துக்கும். வேர் கருகிடும்."

காய்ந்த மண்ணில் உரத்தண்ணீர் ஊற்றவே கூடாதாம். முதலில் வெறும் தண்ணீர், அப்புறம் உரம். மண்மேல் வெள்ளையாய்ப் படிந்தால் அடுத்த தவணை ரத்து. அடித்துவாரத்தில் நன்றாக ஓடும்வரை வெறும் தண்ணீர் விட வேண்டும். மொட்டு தெரிந்ததும் சாம்பல்சத்து கூடுதலான கலவை. பூ முடிந்து இலை மஞ்சளாகிவிட்டால் உரமும் ஸ்டாப், தண்ணீரும் ஸ்டாப். கிழங்கு தூங்கப் போகிறது, எழுப்பாதீர்கள். (ஆட்டுக்குட்டி, பூனைக்குட்டி வளர்ப்பவர்கள் ஜாக்கிரதை. இந்தச் செடி விஷம், சாறு பட்டாலே தோல் அரிக்கும்.)

'சென்னைக்கு ஒரு தொட்டி வாங்கிப் போகலாமா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வாங்கலாம். பூ இருக்கும்வரை பார்த்து ரசிக்கலாம். நம்மூர் வெயிலில் என்ன உரம் போட்டாலும் சீக்கிரமே செடி போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். பெங்களூருவில் இருக்கும் ஐ.டி. நண்பர்கள் நவம்பரில் பால்கனியில் நட்டுப் பார்க்கலாம்.

நான் கிளம்பும்போது மூன்று மணி. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை பலமாக அடித்தால் அன்று காலை ஊற்றிய உரமெல்லாம் வாய்க்காலில்தான். மனிதரும் அவர் மகளும் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மே மூன்றாவது வாரம் போன் செய்தேன். "நூத்தி எழுபது தொட்டி போயிடுச்சு சார்" என்றார். "மீதி முப்பதுல மொட்டு இருக்கு. இன்னும் பத்து நாள் இருக்குல்ல?"