ஸ்டோர் செக்ரட்டரி தேர்தலில் நான்!

நண்பர்களே, நம் பாலிடெக்னிக்கில் தேர்தல் என்றால் சேர்மன் தேர்தல்தான் உங்கள் நினைவுக்கு வரும். போஸ்டர், கோஷம், டீக்கடையில் ஓசி பஜ்ஜி... நான் நின்றது அந்தத் தேர்தலில் இல்லை. நாடகக் குழுவின் ஸ்டோர் செக்ரட்டரி பதவிக்கு. "அப்படி ஒரு பதவி இருக்கா?" என்று கேட்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை!

இருக்கிறது. மேடைக்குப் பின்னால் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. உள்ளே ஹாலஜன் விளக்கு 6, ஸ்டாண்டு 4, மைக் 5 (பேசுவது 3), சிக்கல் விழுந்த ஒயர், ஜங்ஷன் பாக்ஸ், ராஜா கிரீடம் 2, தாடி மீசை போட்ட பிஸ்கட் டப்பா ஒன்று. இவை அனைத்துக்கும் சாவி வைத்திருப்பவர்தான் ஸ்டோர் செக்ரட்டரி. கதாநாயகன் வேஷத்துக்கு இருபது பேர் வருவார்கள். இந்தச் சாவிக்கு யாரும் வரமாட்டார்கள். வழக்கமாக, கூட்டத்துக்கு லேட்டாக வருபவன் தலையில் கட்டிவிடுவார்கள்.

நாடகம் என்றாலே அப்படித்தான். நவாப் ராஜமாணிக்கம், ஆர்.எஸ். மனோகர் நாடகங்களில் வந்த தந்திரக் காட்சிகளைப் பார்த்துச் சபையே வாய் பிளந்தது என்று பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். திரைக்குப் பின்னால் கயிறு இழுத்தவர் யார்? கேட்டால் தெரியாது!

2024 ஆகஸ்டில் மட்டும் அதிசயமாக இரண்டு பேர் போட்டி. ஒருவர் மெக்கானிக்கல் நண்பர். இன்னொருவன் அடியேன், ட்ரிபிள் ஈ. எல்லோரிடமும் "சேவை மனப்பான்மை" என்று சொல்லித்தான் நின்றேன். உண்மைக் காரணம் வேறு.

2024 மார்ச் ஆண்டு விழா உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். நம் நாடகத்தில் பட்டணம் போன மகன் திரும்பி வந்து அம்மா காலில் விழும் காட்சி. மகன் குனிந்தான். டப்பென்று மேடை இருட்டு! கூட்டத்தில் ஒரே விசில். அம்மா வேஷம் போட்ட சிவில் தோழி அசரவில்லை. "கரண்டு போயிருச்சுப்பா, முதல்ல விளக்கைக் கொளுத்து, அப்புறம் கால்ல விழு" என்று இருட்டிலேயே ஒரு போடு போட்டார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

விளக்கு ஏன் போனது? 1000 வாட் ஹாலஜன் இரண்டை ஒரே 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டியிருந்தது. 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். முதல் வருஷப் பையனே போடும் கணக்கு! சுவரில் இருந்தது 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு 8.7 ஒரு பொருட்டா? அது பேசாமல் இருந்துவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்ட 6 ஆம்பியர் பிளக் சூடேறி, உருகி, கருகி உயிரை விட்டது.

மாட்டியது யார்? நான்தான். 16 ஆம்பியர் பாக்ஸைத் தேடினேன், காணவில்லை. யார் எடுத்தார்கள் என்று எழுதி வைக்கும் பழக்கமும் இல்லை. "அரை மணி நேரம்தானே, தாங்கும்" என்று செருகிவிட்டேன்.

விழா முடிந்ததும் விசாரணை. "யார் கனெக்‌ஷன் கொடுத்தது?" நான் தரையைப் பார்த்தேன். கூட்டத்தில் யாரோ, "மைக் செட்டுக்காரர் ஒயரிங் சரியில்லை சார்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. அந்த அண்ணனுக்குப் பேசிய 3500 ரூபாயில் 500 பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டு ஸ்பீக்கரை வண்டியில் ஏற்றினார். அதற்கு ஒரு கை கொடுத்ததும் நான்தான். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேர்தலுக்கு வருகிறேன். டிராயிங் ஹாலில் ஆளுக்கு இரண்டு நிமிஷப் பேச்சு. மெக்கானிக்கல் நண்பர் முதலில் பேசினார். "எல்.இ.டி. பார் லைட் வாங்குவோம். 54 பல்பு, ஒவ்வொன்றும் 3 வாட், மொத்தம் 162 வாட். எட்டு லைட்டைச் சேர்த்துப் போட்டாலும் 1300 வாட்டுக்குள். பிளக் உருகாது, கலரும் மாறும்!" பலத்த கைதட்டல். கணக்கு சரி. எனக்கே அவருக்கு ஓட்டுப் போடலாம் போலிருந்தது.

நான் எழுந்து ஒரு 192 பக்க நோட்டைக் காட்டினேன். "எந்தப் பொருள் வெளியே போனாலும் பேர், தேதி, கையெழுத்து. ஒவ்வொரு பாக்ஸ் மேலும் எத்தனை ஆம்பியர் என்று பெயிண்டில் எழுதுவேன். என்னால் முடிந்தது இவ்வளவுதான்." ஒருவரும் கைதட்டவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "நோட்டு இருந்தா மட்டும் போன வருஷம் மைக் செட்டுக்காரர் ஒழுங்கா கனெக்‌ஷன் கொடுத்திருப்பாரா?"

சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கால் நகரவில்லை.

"அது அவர் கொடுத்த கனெக்‌ஷன் இல்லை. நான் கொடுத்தது. அவர் பேரில் பழி விழுந்தபோது நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்" என்றேன். ஹாலில் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

முடிவு: அவருக்கு 24, எனக்கு 19. அந்தப் பத்தொன்பது பேர் எதற்காகப் போட்டார்கள் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் 500 ரூபாயை எடுத்துக்கொண்டு அந்த அண்ணன் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. பிளக்கைப் பார்த்தா தெரியாதா?"

"அப்போ ஏண்ணே சொல்லல?"

"சொன்னா? நாளைக்கு உங்க காலேஜ் ஆர்டர் எனக்கு வருமா?"

எனக்குப் பதில் இல்லை. ரூபாயை வாங்கிக்கொண்டார். 'பரவாயில்லை, வச்சுக்கோ' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்திருந்தேன். சொல்லவில்லை. அதுவே பெரிய ஆறுதல். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு பாடமும் சொன்னார்: "லைட்டைப் போட்டு பத்து நிமிஷம் கழிச்சு பிளக் மேல புறங்கைய வச்சுப் பாரு. சுட்டுச்சுன்னா உன் கணக்கு தப்பு." மூன்று வருஷம் தியரி படித்த எனக்கு அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக்கல் நண்பர் என்னைத் தேடி வந்தார். "அந்த நோட்டு எங்கடா? குடு." கொடுத்தேன். எல்.இ.டி.க்கு இன்னும் பணம் சேரவில்லை. ஆனால் 2025 மார்ச் விழாவில் பழைய ஹாலஜன்களே கடைசி வரை எரிந்தன. ஒரு பாக்ஸுக்கு ஒரு விளக்குத்தான். பிளக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றவன் நான். நோட்டில் என் கையெழுத்து இருக்கிறது, சந்தேகமிருந்தால் பார்க்கலாம். வாடகை முழுசாகத்தான் கொடுத்தோமா என்று கேட்டும் தெரிந்துகொண்டேன்.

ஜூனியர் நண்பர்களே, வருகிற ஆகஸ்டில் அந்தப் பதவி மறுபடி காலியாகும். மாலை கிடைக்காது, போஸ்டரில் போட்டோ வராது. நில்லுங்கள். ஜெயித்தால் சாவி. தோற்றாலும் ஸ்டோரில் வேலை நிறைய இருக்கிறது!

– மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை